உள்ளி எண்ணெயும் காதுக்குத்தும்

நெடுந்தீவில் நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காதுக்குத்து வந்தால், காது நிபுணர் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம். விடிந்தபின் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதுவரை அம்மம்மாவின் கைவைத்தியம்தான்: உள்ளிப் பல்லைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவிட்டு, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு.

அந்த இரண்டு சொட்டு என்ன செய்கிறது?

உள்ளியை நசுக்கும்போது உயிரணுக்கள் உடைந்து, அலீன் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் கலக்கின்றன. பிறப்பது அலிசின், நசுக்கிய உள்ளியின் கார மணம் அதனுடையதே. 1944இல் அமெரிக்காவில் கவலிட்டோவும் பெய்லியும் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அது அடக்குவதைக் காட்டினார்கள். ஆனால் நொதி சூடு தாங்காது. முழுப் பல்லைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அலிசின் உருவாக வழியே இல்லை. நசுக்கிச் சற்று நேரம் வைத்துச் சேர்த்தால், உருவான அலிசின் எண்ணெயில் அஜோயீன் போன்ற வேறு கந்தகச் சேர்மங்களாக மாறும். பச்சை உள்ளியையே காதுக்குள் செருகுவது மட்டும் கூடாது. தோல் வெந்து புண்ணாகிவிடும்.

பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள் இஸ்ரேலிய மருத்துவர்கள். சாரெல் குழுவினர் 2001இல் 103 பிள்ளைகளின் முடிவுகளையும், 2003இல் 171 பிள்ளைகளின் முடிவுகளையும் வெளியிட்டனர். உள்ளியும் வேறு மூலிகைகளும் சேர்ந்த ஒலிவ் எண்ணெய்ச் சொட்டு ஒரு பக்கம், விறைப்பு மருந்துச் சொட்டு மறுபக்கம். மூலிகை பின்தங்கவில்லை, இரண்டாம் ஆய்வில் சற்று முந்தியும் நின்றது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சொட்டே விடாத பிள்ளைகள் என்று ஒரு குழு இரண்டிலும் இல்லை. வலி குறைந்ததில் ஏறத்தாழ 80 வீதம் நாள் கடந்ததாலேயே என்று அவர்களே எழுதினார்கள். நடுக்காது அழற்சி வந்த பிள்ளைகளில் சுமார் 60 வீதமானோருக்கு, அன்டிபயோட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், 24 மணிநேரத்தில் வலி போய்விடுகிறது.

தடிமனுக்குப் பிறகு வரும் குத்து, பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் நடப்பது. பறை முழுதாக இருந்தால் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. இளஞ்சூடு வலியை ஆற்றலாம். உள்ளே இருக்கும் கிருமியைத் தொடாது. வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் நம்பத்தக்க துணை.

குத்து திடீரென அடங்கிச் சீழ் வடிந்தால், பறை கிழிந்திருக்கலாம். சுகம் வருகிறது என்று எண்ணி, பல வீடுகளில் எண்ணெயைத் தொடர்வது அப்போதுதான். அந்தக் காதுக்குள் எதையும் விடக்கூடாது. காதின் பின்புறம் வீங்கினாலோ, காது மடல் முன்னுக்குத் தள்ளி நின்றாலோ, விடியும்வரை காத்திராமல் தீவு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.