மூணு தலையணை தாத்தா!

உங்க வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறாங்கனு கவனிச்சிருக்கீங்களா? சிரிக்காதீங்க, நானும் கவனிச்சதில்லை. எங்க தாத்தா ஒரு தலையணையில் இருந்தவர் ரெண்டாக்கி, மூணாக்கி, கடைசியில் ஈஸி சேரில் உட்கார்ந்தே தூங்க ஆரம்பிச்சார். "படுத்தா மூச்சு முட்டுதுடா"ன்னார். "வயசாச்சுல்ல தாத்தா"னு நானும், "வீஸிங்"னு அப்பாவும், "கேஸ்"னு பாட்டியும் ஆளுக்கொரு டாக்டர் ஆனோம். ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அவருக்கு இருந்தது ஹார்ட் ஃபெயிலியர்!

நிக்கலை... திணறுது!

பேரைக் கேட்டதும் இதயமே நின்னுபோச்சுனு நினைச்சுடாதீங்க. வயல்ல ஓடுற டீசல் பம்ப்செட்டை மனசுல நிறுத்திக்கோங்க. டீசல் வர்ற குழாய் அடைச்சுக்கிட்டா அது ஹார்ட் அட்டாக். மோட்டார் திடீர்னு நின்னா கார்டியாக் அரெஸ்ட். மோட்டார் ஓடுது, ஆனா வயலுக்குத் தேவையான தண்ணியை இறைக்க முடியலைனா... அதுதான் ஹார்ட் ஃபெயிலியர்.

நம்ம இதயம் சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுது. ஒரு நாளைக்கு 7,000 லிட்டர், ஒரு சின்னத் தண்ணி லாரி அளவு! ரொம்ப நாள் கவனிக்காத பி.பி., சர்க்கரை, பழைய ஹார்ட் அட்டாக் விட்டுப்போன தழும்பு, வால்வு கோளாறு, அளவில்லாத குடி எல்லாம் இந்த பம்ப்பைத் தளர வைக்கும். இது பெரிசுகளுக்கு மட்டும் வர்ற நோயும் இல்லை பாஸ். சில வைரஸ் தொற்றுகள் இருபது வயசு இதயத்தையும் பலவீனமாக்கிடும்.

கிட்னி போடும் தப்புக் கணக்கு

இதயம் தளர்ந்தா கால் ஏன் வீங்கணும்? இங்கேதான் கதையில் ட்விஸ்ட். ரத்த ஓட்டம் குறைஞ்சதும், 'ஆஹா, உடம்புல தண்ணி பத்தலை போல'னு கிட்னி தப்பாப் புரிஞ்சுக்குது. உப்பையும் தண்ணியையும் வெளியே விடாமல் பிடிச்சு வெச்சுக்குது. ஏற்கெனவே திணறுற இதயத்துக்கு இன்னும் பாரம். கல்ச்சுரல்ஸ்ல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா 'கீ...'னு அலறி, நேரம் ஆக ஆக அதிகமாகுமே... அதே பாசிட்டிவ் ஃபீட்பேக்!

தேங்கின நீர் பகலில் காலில் இறங்கும். படுத்ததும் கால் பக்கம் இருந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். அதைச் சமாளிக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு முட்டும், ராத்திரி இருமல் வரும். மூணு தலையணை ரகசியம் இதுதான்.

கப்பல் தளத்தில் கிடைச்ச கருவி

டாக்டர் முதலில் கழுத்து நரம்பைப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரலைக் கேட்பார். அப்புறம் ஈ.சி.ஜி., எக்ஸ்ரே. பி.என்.பி.னு ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. இதயச் சுவர் பாரம் தாங்காமல் இழுபடும்போது சுரக்கும் ஹார்மோன் அது. 1988-ல் அதை முதன்முதலில் கண்டுபிடிச்சது பன்றியின் மூளையில்!

ஆனால் ஹீரோ, எக்கோதான். சுவீடனின் லுண்ட் நகரில் டாக்டர் எட்லருக்கு, நெஞ்சைத் திறக்காமல் வால்வைப் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. இயற்பியல் விஞ்ஞானி ஹெர்ட்ஸுடன் கைகோத்தார். பக்கத்து ஊரான மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்தில் விரிசல் இருக்கானு பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தது. அதை ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வெச்சுப் பார்த்தார். துடிப்புக்கு ஏத்தபடி எதிரொலி அசைந்தது! 1953-ல் இருவரும் அசையும் இதயத்தைப் பதிவு செய்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க லேப் பரிசோதனையின் சொந்தக்காரன்தான் எக்கோ!

இந்த எக்கோ இதயத்துக்கு ஒரு மார்க் போடும். இடது கீழறையில் 120 மில்லி ரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போனால் 58 சதவிகிதம். '58 தானா?'னு பதறாதீங்க. இந்தப் பரீட்சையில் யாருக்குமே சென்டம் கிடையாது. 50-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஓ.கே. 40-ம் அதுக்குக் கீழேயும் போனால் பம்ப் பலவீனம். ஒரு எச்சரிக்கை: நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு மார்க் நல்லாவே இருக்கும். இதயம் விறைச்சுப்போய், ஒழுங்கா நிரம்பாமல் இருக்கும். அதனால் மார்க்கை மட்டும் பார்த்து, 'ஒண்ணுமில்லை'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

நாலு தூண்

சிகிச்சையின் வேலை, அந்த 'கீ...' சத்தத்தை நிறுத்துறதுதான். தேங்கின நீரை இறக்க நீர் மாத்திரை. அதோட, பம்ப் பலவீனமானவர்களுக்கு இன்னிக்கு நாலு வகை மருந்து தருகிறார்கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை உண்டு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது முதல் வகை. அதன் முதல் மாத்திரை கேப்டோப்ரில், 1981-ல் விற்பனைக்கு வந்தது. 'இதயம் தளர்ந்தவங்களுக்குக் கொடுக்கவே கூடாது'னு ஒதுக்கப்பட்ட பீட்டா பிளாக்கர், ஆயுளைக் கூட்டுதுனு 1999-ல் வந்த பெரிய ஆய்வுகள் நிரூபிச்சது. மூணாவது, உப்பைப் பிடிச்சு வைக்கும் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து. நாலாவது, சர்க்கரை நோய்க்காக வந்தது. சர்க்கரை இல்லாதவங்க இதயத்துக்கும் உதவுதுனு 2019-ல் தெரிஞ்சது. தேவைப்பட்டால் பேஸ்மேக்கர், கடைசிக் கட்டத்தில் மாற்று இதயம்.

"நல்லாத்தானே இருக்கேன்!"

மருந்து ஆரம்பிச்ச சில வாரத்தில் தாத்தா ஒரே தலையணைக்குத் திரும்பினார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இத்தனை மாத்திரை?"னு யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினார். மூணே வாரம்... நள்ளிரவில் ஆம்புலன்ஸ். நல்லா இருந்ததே மாத்திரையால்தான்னு எங்களுக்குப் புரிஞ்சது ஐ.சி.யூ. வாசலில். பிழைச்சு வந்தார். ஆனால் அந்த ராத்திரி தேவையே இல்லாதது.

இப்போ எங்க வீட்டு டைம்டேபிள் இது. காலையில் எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும் எடை பார்த்து காலண்டரில் குறிக்கணும். மூணு நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டருக்கு போன். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்குத் தடா. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குற வலி மாத்திரைக்கும் தடா. அது உடம்பில் நீரைத் தேக்கிடும். மாத்திரை டப்பாவுக்கு இன்சார்ஜ், சாட்சாத் நான்தான்!

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? தாத்தா, பாட்டி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவீங்கல்ல... அப்படியே கணுக்காலுக்கு மேலே, எலும்பை ஒட்டிக் கட்டை விரலால் அஞ்சு விநாடி மெதுவா அழுத்திப் பாருங்க. குழி விழுந்து அப்படியே நின்னா, "வயசாச்சுல்ல"னு சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மூச்சு முட்டிப் பேசவே முடியலையா? யோசிக்காமல் 108!

அப்புறம் மறக்காமல் தலையணைகளையும் எண்ணிடுங்க!