மூடிய சுரங்கத்தில் ஓயாத அமில நீர்

சபா மாநிலம், ரானாவ் அருகே மாமுட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. மூடிய பின்னும், குழியில் தேங்கிய ஏரி நீர் அமிலமாகவே இருந்து வருகிறது.

பாறைக்குள் கந்தகத்தோடு பிணைந்திருக்கும் வரை செம்பு எளிதில் கரையாது. தோண்டிக் குவித்த கற்களின் மேல் காற்றும் மழையும் படும்போதுதான் சிக்கல். அவற்றிலுள்ள பைரைட் எனும் இரும்புக் கனிமம் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அதில் செம்பு கரைந்து ஓடைக்குச் செல்கிறது. கரைந்த செம்பு மீன்களுக்கு நஞ்சு.

சுண்ணாம்பு இட்டால் அமிலம் தணிந்து செம்பு வண்டலாகப் படியும். ஆனால் மீண்டும் அமிலம் பட்டால் அதே வண்டல் கரைந்துவிடும். மண்ணில் உள்ள செம்பின் மொத்த அளவை மட்டும் பார்க்கும் சோதனை இதைக் காட்டாது. எளிதில் கரையும் பங்கைத் தனியே அளக்க வேண்டும்.