ஹென்றி ஏன் மறுபடியும் டிரெய்னி ஆனான்?

ஒரகடத்துல நாங்க மூணு பேர் ஒரு ரூம். அதுல தம்பி ஒருத்தன் ஸ்பாட் வெல்டிங் பண்றவன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்குறதுக்கு முன்னாடி என் கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேரம் கேம் ஆடுவான். 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' முதல் பாகத்தை மாசக்கணக்கில் ஆடி முடித்தவன், இரண்டாம் பாகத்தைத் தொடங்கிய அன்னைக்கே கேட்டான்: "என்னண்ணே, ஹென்றிக்கும் கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சா?"

சிரிச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வியில விஷயம் இருக்கு. அதுக்காகத்தான் இந்தக் குறிப்பு. (கதையின் தொடக்கத்தை மட்டும்தான் சொல்றேன், பயப்படாதீங்க.)

ரோல்-பிளேயிங் கேம்களின் அடிப்படை எளிமையானது. செய்யச் செய்யக் கை பழகும். அந்தப் பழக்கம் ஒரு எண்ணாக ஏறிக்கொண்டே போகும். முதல் பாகம் இதை வேறு எந்த கேமையும்விட நிதானமாகச் செய்தது. பிராகா நகரின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. கதை நடப்பது 1403-ல், பொஹீமியாவில். மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. கொல்லர் மகன் ஹென்றிக்கு ஆரம்பத்தில் வாள் பிடிக்கத் தெரியாது, படிக்கவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். ஒரு எழுத்தரிடம் போய்ப் பாடம் கேட்டு, படிக்கப் படிக்கத்தான் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளியும்.

இப்போது இரண்டாம் பாகம் எடுப்பவரின் சிக்கலைப் பாருங்க. ஹீரோ ஏற்கெனவே தேறியவன். அவனை அப்படியே விட்டால் ஏறுவதற்குப் படி இல்லை. முதல் பாகம் ஆடாத புது ஆட்களுக்கும் தலைகால் புரியாது.

இதற்கு வழிகள் பல. 2000-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 2' உங்கள் பழைய ஆளை அப்படியே ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் சிறையில் அடைத்து ஆயுதங்களைப் பிடுங்கிக்கொள்ளும், அனுபவத்தைத் தொடாது. பை போனது, கை போகவில்லை. 2010-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2' ஹீரோவைக் கொன்று, இரண்டு வருடம் கழித்து உயிர்ப்பித்தது.

2025 பிப்ரவரியில் வந்த 'கிங்டம் கம்' இரண்டாம் பாகம் எடுத்த வழி காயம். கதை முதல் பாகம் விட்ட இடத்திலேயே தொடங்குகிறது. வழியில் தாக்குதல், ஹென்றி குற்றுயிராகப் பிழைக்கிறான், எண்கள் சரிகின்றன. மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பம்.

தம்பிக்குக் கோபம் அதனாலதான். ஆனா பொறுமையா ஆடினப்ப ஒண்ணு புரிஞ்சுது. கேம் எல்லாத்தையும் அழிக்கலை. ஹென்றிக்குப் படிக்கத் தெரியும், அது போகவில்லை. வாள்வீச்சின் திசைகளைக் குறைத்து, சண்டையைக் கற்பது எளிதாக்கப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம் கொல்லுப்பட்டறை. முதல் பாகத்தில் கொல்லர் மகனாக இருந்தும் அவனால் சாணைக்கல்லில் தீட்டத்தான் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் இரும்பைக் காய்ச்சி, நிறம் பார்த்து, ஆறுவதற்குள் அடித்து, அவனே வாள் செய்கிறான். அப்பாவின் தொழில் இப்பத்தான் அவன் கைக்கு வந்திருக்கு. என் கணக்கில் இரண்டாம் பாகம் மேலானதாக இருப்பது இந்த ஒரு இடத்தால்தான்.

தம்பிக்கு இது ஏன் உறைத்தது என்று இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நாலு வருஷத்தில் அவனுக்கு இது மூணாவது கேட். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் சேஃப்டி கிளாஸ், புது ஐடி கார்டு, அதே 'டிரெய்னி', அதே ஆரம்பச் சம்பளம். கம்பெனியே மூடினாலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ல் நின்றது. வருஷக்கணக்கில் போன் பூட்டிப் பழகிய கைகள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

ஹென்றிக்கு அடிபட்டது, அதனால் மறந்தான். தம்பிக்கு எதுவும் மறக்கலை. வெல்டிங் கன்னைப் பிடிச்ச முதல் நாளே பழைய வேகம் வந்துருச்சு. பொறி பறக்கிற விதத்தை வெச்சே முனை தேஞ்சிருக்குன்னு சொல்லிடுறான். எண் சரிந்தது காகிதத்தில் மட்டும்தான்.

கேம்ல ஒரு வசதி இருக்கு: நீங்க கத்துக்கிட்டதை அதுவே கணக்கு வெச்சுக்கும். இங்கே அந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. போன வாரம் தம்பி ஒரு நோட்டு வாங்கினான். எந்த மெஷின், என்ன பார்ட், எத்தனை மாசம், யார் சூப்பர்வைசர்னு மூணு கம்பெனி வேலையையும் எழுதி வெச்சிருக்கான். பழைய இடங்களுக்குப் போய் அனுபவச் சான்று கேட்கப்போறானாம். கிடைக்குமான்னு தெரியலை. லீவு கிடைச்சா நானும் கூடப் போறேன்.