ஆய்வுக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்தலும் அடுக்குதலும்

ஆய்வுக் குறிப்பு என்பது ஒரு செய்தியை, யார், எப்போது, எந்த நூலில் சொன்னார் என்ற விவரத்தோடு எழுதிவைப்பது. அந்த விவரம் ஏன் தேவை என்பதற்கு மதுரையை அடுத்த மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நல்ல எடுத்துக்காட்டு.

மீனாட்சிபுரம் குன்றிலுள்ள இவற்றை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். இவற்றின் மொழி தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பெயரை 1960களில் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டார். அவருடைய விரிவான நூல் 2003இல் வெளிவந்தது. "மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் உள்ளது" என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவர், பழைய நூலில் அப்பெயரைக் காணாதபோது எது சரி என்று தெரியாமல் திகைப்பார்.

ஓர் அட்டையில் ஒரு செய்தி மட்டும் எழுதவேண்டும். மேலே தலைப்புச் சொல். கீழே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். நூலின் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியை அப்போதே இடவேண்டும். பிறகு இடலாம் என்று விட்டால், ஒரு மாதத்தில் அது நம் வாக்கியம் போலவே தோன்றும். மாணவர் கட்டுரைகளில் கருத்துத் திருட்டு பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. சொந்தக் கருத்துக்கு வேறு நிற மை. குன்றுக்கே போய்ப் பார்த்திருந்தால் நாளும் குகையும் படத்தின் எண்ணும் குறிக்கவேண்டும். (கைபேசியில் பக்கத்தைப் படமெடுப்பது குறிப்பெடுத்தல் ஆகாது.)

அட்டைகளை நூல்வாரியாக அல்லாமல் தலைப்புவாரியாக அடுக்கவேண்டும். 'மொழி', 'அரசர் பெயர்' என்று கட்டினால் ஒவ்வொரு கட்டிலும் சுப்பிரமணிய ஐயரும் மகாதேவனும் அடுத்தடுத்து நிற்பார்கள். எங்கே வேறுபடுகிறார்கள் என்பது உடனே கண்ணில் படும். கட்டுரையின் வாதம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கிடைக்கிறது.