அசல் பெட்டியில், நகல் யார் கையில்?

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கும் லயமும் கம்பெனியுடையது. ஆஸ்தி என்று பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது காகிதங்களைத்தான்: ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், பழைய தோட்டச் சீட்டுகள்.

இந்த மலையில் காகிதத்தின் கனம் அதிகம். சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிக்கை எழுந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-இல் கேரளத்தில் நின்றுவிட்டன. தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்டுப் போனால், ஜனாதிபதி ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-இல் முன்னோர் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. பாட்டன் பெயர் உள்ள ஒரு பழைய சீட்டு பேத்தியின் படிப்பையே தீர்மானிக்கக்கூடும்.

இப்படிப்பட்ட காகிதங்களுக்கு நகல் எடுக்க ஒரு காலத்தில் டவுனுக்கு இறங்கி, ஜெராக்ஸ் போட்டு, பச்சை மைக் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். சுயசான்று போதும் என்று 2014-இல் மத்திய அரசு வலியுறுத்தியதால் அந்த அலைச்சல் குறைந்தது. இன்று வங்கி முகவர், சிம் கார்டு விற்பவர், கடன் கம்பெனி ஆள் என்று யாராவது வாசலுக்கே வந்து செல்போன் கேமராவில் 'க்ளிக்' செய்துகொண்டு போகிறார்கள். வசதிதான். ஆனால் படமும் சான்று நகலும் ஒன்றல்ல.

1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டமும் 1956-ஆம் ஆண்டு விதிகளும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்குகின்றன. நோட்டரி தனக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் கட்சிக்காரரைத் தேடிப் போகலாம். அதற்குப் பயணப்படி வாங்கவும் இடமுண்டு. ஆனால் உண்மை நகல் என்று முத்திரை குத்துமுன் அசலைத் தானே ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். செய்த வேலையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் மேல் சீல் வைப்பது சான்றளிப்பு ஆகாது. தவறு நடந்தால் கேட்பதற்கு ஒரு பெயரும், புரட்டிப் பார்க்க ஒரு பதிவேடும் இருக்கின்றன என்பதே அந்த முத்திரையின் மதிப்பு.

வாசலில் எடுத்த படத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அது போனிலேயே கிடக்கலாம், தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏறலாம், ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கும் போகலாம். அந்தப் படத்தை வைத்து முன்பின் தெரியாதவர் சிம் வாங்கவோ, கடன் விண்ணப்பம் போடவோ முயன்றால், காகிதக்காரருக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் 2022 மே 27-இல் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு வாபஸானது. கவலை வாபஸாகவில்லை.

தற்காப்பு கடினமல்ல. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கிக் கொடுக்கலாம். காகித நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடலாம். தன் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் உள்ளன என்பதை 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வாங்கிய நோக்கத்துக்கு அப்பால் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

கேமரா எதிரியல்ல. மழையும் ஈரமும் ஓயாத மலையில் கரையானும் பூஞ்சையும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. வீட்டுப் பிள்ளையே அந்தப் பழைய சீட்டைப் படமெடுத்து வைப்பது நல்லது. அசலுக்கு அது ஈடாகாது. ஆனால் அசல் அழிந்தால் எந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று காட்டும். வெளியாள் போனை நீட்டும்போது மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: யார் நீங்கள், எதற்கு இது, வேலை முடிந்ததும் படத்தை அழிப்பீர்களா?