பழைய துவக்கும் நியாய விலையும்

சுன்னாகம் சந்தையிலே கத்தரிக்காய்க்குக் கூடப் பேரம் பேசிப் பழகிய எமது நாக்கு, சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்ததும் அடங்கி விடுகின்றது. கடையிலே ஒட்டியிருக்கும் விலையே விலை என்று ஏற்றுக்கொண்டு பணத்தை நீட்டுகின்றோம். ஆனால் ஒருவர் பாவித்த பொருள் இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களிலே இந்நாட்டிலும் பேரம் உண்டு. பழைய தளபாடம், பழைய கார், பழைய சைக்கிள் என்பவற்றில் எம்மவருக்கு அநுபவம் போதுமானது. அநுபவம் இல்லாத ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுத வேண்டியுள்ளது. அது துவக்கு.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், நான் வசிக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள மூதாட்டி ஒருவர் என்னைக் கோப்பிக்கு அழைத்தார். கணவர் இறந்த பின் வீட்டைச் சுருக்கிக்கொண்டு சிறிய இடமொன்றுக்குப் போகவிருந்தார். பேச்சின் நடுவே அலமாரியைத் திறந்து, கம்பளித் துணியிற் சுற்றிய நீண்ட பொதியொன்றைக் காட்டினார். உள்ளே அவருடைய கணவர் இளமையில் இராணுவ சேவை செய்த காலத்துக் காராபீனர் 31. “இதைப் பழைய இரும்பு என்று சொல்லி ஒருவர் ஐம்பது பிராங் தருவதாகச் சொன்னார். நீங்கள் எனக்கு எவ்வளவோ உதவி செய்திருக்கின்றீர்கள். அதே விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

மறுப்பதற்கு எனக்கு நாகரிகமான சொல் உடனே வரவில்லை. அன்போடு தருவதை மறுப்பது எம்மவர் மரபன்று. அத்தோடு, ஒரு வரலாற்று மாணவனாக, அந்தப் பொருளின் மீது எனக்கு ஆசையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் சட்டைப் பையில் இருந்தது இலங்கைப் பிரஜைக்கு வழங்கப்பட்ட வதிவிட அனுமதிப் பத்திரம். அது இருக்கும் வரை அந்தப் பொதியைத் தொடாமல் இருப்பதே எனக்குப் பாதுகாப்பு.

காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். எம்மவரிற் பலர் இதனை அறியாதிருக்கின்றனர்.

சுவிஸ் ஆயுதச் சட்டம் 1999 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில நாடுகளின் பிரஜைகளுக்கு ஆயுதங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசுக்கு வழங்குகின்றது. 2008ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவில் அந்த நாடுகளின் பட்டியல் உள்ளது. அல்பேனியா, அல்ஜீரியா, சேர்பியா, கொசோவோ, துருக்கி முதலியவற்றோடு இலங்கையும் அதில் இடம்பெறுகின்றது. தடை வாங்குவதற்கு மட்டுமன்று. வைத்திருத்தல், விற்க முன்வருதல், இடைநின்று விற்றுக் கொடுத்தல், காவித் திரிதல், சுடுதல் யாவும் அதனுள் அடங்கும். கிராமத்துச் சுடும் விழாவுக்கு அயலவர் அன்போடு அழைத்து, “ஒரு முறை சுட்டுப் பாருங்கள்” என்று கையில் கொடுத்தாலும் இதே நிலைதான். விதிவிலக்கு வழங்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. வேட்டை, விளையாட்டு முதலிய காரணங்களுக்காக அதனைக் கேட்கலாம். எழுத்தில் அனுமதி கிடைக்கும் முன் எதையும் தொடுதல் ஆகாது.

பட்டியலில் இல்லாத நாட்டவருக்கும் வழி இலகுவன்று. ‘சி’ எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி இல்லாத வெளிநாட்டவர், தாம் ஆயுதம் வாங்கத் தகுதியுடையவர் என்று தமது சொந்த நாட்டு அரசிடமிருந்து அத்தாட்சி கொண்டுவர வேண்டும். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தோமோ அதே அரசிடம் போய், “நான் துவக்கு வாங்கத் தகுந்த நல்ல மனிதன் என்று எழுதித் தாருங்கள்” என்று அகதி ஒருவர் கேட்பதை எண்ணிப் பாருங்கள். சட்டம் எழுதியவர்கள் அகதிகளை நினைத்து எழுதவில்லை என்பது தெரிகின்றது.

சட்டத்தை மீறி வேண்டுமென்றே வாங்குபவருக்கும் வைத்திருப்பவருக்கும் மூன்று ஆண்டுகள் வரையான சிறைத் தண்டனை, அல்லது அபராதம். அபராதத்தோடு தப்பினாலும், குற்றப் பதிவு ஒன்று வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையிலும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் வேளையிலும் மேசையின் மேல் வந்து நிற்கும். ஐம்பது பிராங் துவக்கின் உண்மையான விலை அது. அதனால் மூதாட்டியிடம் காரணத்தை விளக்கிச் சொன்னேன். அவர் வியந்தார். பிறகு, “உங்களுக்குத் தரமுடியாது என்றால் பொலிசிலே கொடுத்து விடவா?” என்று கேட்டார். பொலிஸ் நிலையத்தில் வேண்டாத ஆயுதங்களைக் கட்டணமின்றிப் பொறுப்பேற்பார்கள். அது நேர்மையான வழிதான். ஆனால் ஐம்பது பிராங் என்ற அந்தத் தொகை என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் துவக்கு பழைய இரும்பு அன்று. காராபீனர் 31 பேர்ணில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலையில் 1958 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. பூட்டைத் திருப்பாமல் நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் பொறியமைப்பு உடையது. அதற்குரிய 7.5 மில்லிமீற்றர் ரவை 1911இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றும் கிராமத்துச் சுடும் சங்கங்களில் 300 மீற்றர் இலக்கை நோக்கி இத்துவக்கால் சுடுபவர்கள் உள்ளனர்.

இலட்சக்கணக்கில் உள்ள பொருளாதலால் அரிய பொருள் என்று ஏமாற்றி விற்கவும் இயலாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான விலை வேறுபாடு பொருளின் மீதே எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர் முதலில் குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்கின்றார். வரிகள் கூர்மையாக மின்ன வேண்டும். குழலின் வாய் தேய்ந்திருந்தால் இலக்குத் தவறும், விலையும் இறங்கும். அடுத்தது இலக்கங்கள். உடலிற் பொறித்த தொடரிலக்கமே பூட்டிலும் ரவைக்கூட்டிலும் இருக்க வேண்டும். எங்கோ ஒரு முகாமில் இரு வீரரின் ரவைக்கூடுகள் மாறிப்போயிருந்தால், எழுபது ஆண்டுகள் கழித்து அதற்காகப் பணம் குறைக்கப்படுகின்றது. மரப்பிடங்கு முற்காலத்தவற்றில் வாதுமை மரத்தாலும் பிற்காலத்தவற்றில் பீச் மரத்தாலும் ஆனது. பிடங்கின் அடிப்பகுதி அடிபட்டுக் கறுத்திருப்பது வழமை. சேற்றிலும் பனியிலும் ஊன்றிய துவக்கு அப்படித்தான் இருக்கும். அதைக் காட்டி விலை குறைப்பவர் ஒன்றில் புதியவர், அல்லது விற்பவரைப் புதியவர் என்று எண்ணுபவர். பிடங்கைத் தேய்த்து மெருகெண்ணெய் பூசிப் ‘புதிதாக்கியிருந்தால்’ சேகரிப்பவரின் முகம் சுருங்கும்.

உடலில் ‘பி’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருந்தால், இராணுவத்திடமிருந்து தனியாருக்கு முறைப்படி உரிமை மாற்றப்பட்டது என்று பொருள். இறுதியாக, பிடங்கின் பின்புறத்து இரும்புத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால், பல துவக்குகளில் மடித்து வைத்த சிறு கடதாசி ஒன்று கிடைக்கும். அதிலே அந்தத் துவக்கைத் தாங்கிய வீரனின் பெயரும் பிறந்த ஆண்டும் படைப்பிரிவும் இருக்கும். சேகரிப்பவர்கள் இக்கடதாசிக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்கின்றனர்.

நாம் வந்த நாட்டில் துவக்குக்கு இவ்வாறான வாழ்க்கைக் குறிப்பு கிடையாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தோடு பன்றிக்கும் குரங்குக்கும் வேட்டுத் துவக்கு வைத்திருந்த கமக்காரரை வன்னியிலே சிலர் நினைவு கூரலாம். அதன் பிறகு துவக்கு என்ற சொல் எம் செவியில் வேறு பொருள் கொண்டுவிட்டது. அலமாரியில் அந்தப் பொதியைக் கண்டதும் என் முதுகு சில்லிட்டது. அந்த அம்மையாருக்கோ அது கணவரின் காற்சட்டையைப் போன்ற ஒரு வீட்டுப் பொருள்.

அம்மையார் கிராமத்துச் சுடும் சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒரு தாளை ஒட்டுவித்தார். என் தமக்கையின் மகன் அச்சங்கத்தின் உறுப்பினன். ஐந்து வயதில் இங்கு வந்து, சுவிஸ் பிரஜாவுரிமை பெற்று, இராணுவ சேவையையும் முடித்தவன். தாளைக் கண்டு அவனே அழைத்தான். நான் இடையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இடைநிற்றலும் எனக்குத் தடைதான் என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இவ்விடத்தில் மருமகனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சேவை முடிந்தபோது அவன் தனது 90ஆம் ஆண்டு மாதிரித் தாக்குதல் துவக்கைத் தனியுரிமையாக எடுத்துக்கொண்டான். அதற்கு இராணுவம் அறவிடும் தொகை 100 பிராங்; கைத்துப்பாக்கிக்கு 30. முந்திய மூன்று ஆண்டுகளில் கட்டாயச் சுடுபயிற்சியில் இரு முறையும் களச் சுடுவிழாவில் இரு முறையும் பங்குபற்றியிருக்க வேண்டும். கொள்வனவு அனுமதிப் பத்திரமும் வேண்டும். தொடர்ச்சியாகச் சுடும் பொறியை நீக்கிய பின்னரே இராணுவம் அதைக் கையளிக்கும். சில மாதங்களில் அவனுடைய வேலைத்தலத்தில் ஒருவர், “நூறுக்கு வாங்கினாய், முந்நூறு தருகின்றேன், இருநூறு இலாபம்” என்று கேட்டிருக்கின்றார். “மாமா, இது நியாயமோ?” என்று என்னிடம் வந்தான்.

அந்த நூறு பிராங் சந்தை விலையே அன்று. பல ஆண்டுகள் சேவை செய்தவனுக்கு அரசு கொடுக்கும் பிரியாவிடையின் கட்டணம் அது. அதே துவக்கின் குடிசார் வடிவத்தைப் புதிதாக வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் செலவாகும். விற்பவர் என்ன கொடுத்து வாங்கினார் என்பதிலிருந்து விலையைக் கணக்கிடுவது, வாங்குபவருக்கு வசதியாக இருக்கும்போது மட்டும் அவர் நாடும் கணிதம். மறுபுறத்தில், அந்தத் துவக்கு மருமகன் கையில் இருக்கும் வரை உள்ள சலுகை விற்றதும் இல்லாது போகும். 2019 மே 19ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 63.7 வீதத்தினர் ஏற்றுக்கொண்ட திருத்தச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இவ்வகைத் துவக்கு தடைசெய்யப்பட்ட பிரிவைச் சேர்ந்தது. இராணுவத்திடமிருந்து நேரடியாகப் பெற்றவனுக்கு விலக்கு உண்டு. அவனிடமிருந்து வாங்குபவனுக்கு இல்லை. வாங்குபவன் விசேட அனுமதி பெற்று, ஐந்து ஆண்டுகளிலும் பத்து ஆண்டுகளிலும் தான் சங்க உறுப்பினன் என்றோ ஒழுங்காகச் சுடுபவன் என்றோ நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைக் காட்டி விலை குறைக்கக் கேட்டால் அது நேர்மையான பேரம். ‘இருநூறு இலாபம்’ என்பது பேரமும் ஆகாது. மருமகன் விற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் அம்மையாரின் வீட்டுக்கு வந்தான். அம்மையார் கேட்டுக்கொண்டபடியால் நானும் கோப்பிக் கிண்ணத்தோடு மேசையின் மறுகோடியில் இருந்தேன். அவன் குழலைப் பார்த்தான், உள்ளே பளிச்சென்றிருந்தது. ரவைக்கூட்டின் இலக்கம் மாறியிருந்தது; அதை அவரிடமே காட்டினான். ‘பி’ எழுத்து இருந்தது. தகட்டைக் கழற்றியபோது கடதாசி வந்தது. அதிலே அவருடைய கணவரின் பெயர்.

“ஐம்பது பிராங் என்று எழுதியிருக்கின்றீர்கள். அது பிழை” என்றான் மருமகன். அம்மையார் கூடுதலாகக் கேட்டுவிட்டோமோ என்று திகைத்தார். “ரவைக்கூடு மாறியிருப்பதைக் கழித்துப் பார்த்தாலும் இருநூறு தரலாம்” என்றான். அவர் மறுத்தார். கணவர் அதற்குப் பணமே கொடுத்திருக்க மாட்டார் என்றார். சுன்னாகத்தில் நான் கேட்டறியாத பேரம் ஒன்று சில நிமிடம் நடந்தது. விற்பவர் இறக்க, வாங்குபவன் ஏற்றினான். ஈற்றில் அவர் கடதாசியை விரலால் தொட்டு, “இதை நான் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். மருமகன் சற்று யோசித்தான். “வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடதாசி இல்லாவிட்டால் நூற்றெண்பது” என்றான். எனக்கு முதலில் முகம் சிவந்தது. இருபது பிராங்கை விட்டுக்கொடுத்தால் என்ன? அம்மையாரோ முதன்முறையாக நிம்மதியடைந்தவர் போலத் தலையசைத்தார். கடதாசிக்கும் ஒரு விலை இருந்ததனால், அதைத் தானே வாங்கிக்கொண்ட திருப்தி அவருக்கு.

இத்தகைய கைப்பூட்டுத் துவக்குக்குக் கொள்வனவு அனுமதி வேண்டியதில்லை. எழுத்திலான ஒப்பந்தம் வேண்டும். இருவரின் பெயர், பிறந்த திகதி, முகவரி, ஒப்பம், அடையாளப் பத்திர இலக்கம், துவக்கின் வகை, தொடரிலக்கம், கைமாறிய இடமும் நாளும் அதிலே எழுதப்பட்டன. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவரல்லர் என்று உறுதிசெய்வது விற்பவரின் கடமையாதலால், மருமகன் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குற்றப் பதிவுச் சான்றையும் கொண்டு வந்திருந்தான். முப்பது நாட்களுக்குள் மாநிலப் பதிவகத்துக்குப் பிரதி ஒன்றை அனுப்ப வேண்டியவர் அம்மையார். அவர் அன்றே உறையில் முத்திரை ஒட்டினார்.

தனது பிரதியை அவர் சமையற் குறிப்புப் புத்தகத்தினுள் வைத்தார். கணவரின் கடதாசியும் அதற்குள்ளேயே போயிற்று. இருவரும் ஒப்பந்தத்தைப் பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று மருமகன் நினைவூட்டினான்.

“எனக்கு வயது எண்பத்தேழு” என்றார் அவர். “இனி அதற்காகவாவது இருக்க வேண்டும்.”