பனித்தளத்துக் கல்லாட்டம்

வில்லினின்று விடுபட்ட அம்பு மீளாது. வாயினின்று வெளிப்பட்ட சொல்லும் மீளாது. ஆதலின், எய்யுமுன் எண்ணுதல் வேண்டும். சொல்லுமுன்னும் எண்ணுதல் வேண்டும் என்பர் மூத்தோர். இவ்வுண்மையையே தனக்கு உயிராகக் கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. அது சக்கர நாற்காலியில் அமர்ந்தோர் பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடும் கர்லிங் என்னும் கல்லாட்டமாகும்.

கர்லிங் ஆட்டம் ஸ்காத்லாந்து நாட்டில் பிறந்தது. குளிர்காலத்தில் அந்நாட்டின் ஏரிகளும் குளங்களும் உறைந்து கட்டாந்தரைபோல் ஆகும். மக்கள் அவற்றின்மேல் கற்களைச் சறுக்கவிட்டு ஆடி மகிழ்ந்தனர். 1511 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்ற ஆட்டக்கல் ஒன்று அந்நாட்டில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இக்காலத்து ஆட்டக்கல் வட்ட வடிவினது. மேலே கைப்பிடி உடையது. 20 கிலோகிராமுக்குச் சற்றே குறைந்த எடையுள்ளது. ஸ்காத்லாந்தின் மேலைக் கடலில் உள்ள எய்ல்சா கிரேக் என்னும் சிறு தீவின் கருங்கல் இதற்கு மிகவும் ஏற்றது எனப் போற்றப்படுகிறது.

ஆடுகளம் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பனித்தளமாகும். அதன் கோடியில் ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். புற வட்டத்தின் குறுக்களவு 12 அடி. இவ்வட்டத் தொகுதிக்கு 'வீடு' என்று பெயர். ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கற்களாகப் பதினாறு கற்களை இரு அணியினரும் மாறி மாறி விடுவர். சுற்றின் முடிவில், வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக அண்மையில் எவர் கல் நிற்கிறதோ அவ்வணியினரே புள்ளி பெறுவர். எதிரணியின் சிறந்த கல்லைவிட நடுவிற்கு நெருங்கிய கல் ஒவ்வொன்றிற்கும் ஒரு புள்ளி உண்டு. கேரம் ஆட்டத்தில் காயால் காயை மோதி விலக்குவதுபோல, இங்கும் எதிரியின் கல்லை மோதி வெளியேற்றலாம். தம் கல்லுக்கு முன்னே மற்றொரு கல்லைக் காவலாகவும் நிறுத்தலாம்.

கல்லை விடும்போது அதன் கைப்பிடியைச் சற்றே திருப்பிவிடுவர். மெல்லச் சுழன்று செல்லும் கல், சுழலும் பக்கமாக வளைந்து போகும். கல் ஓடும்போது தோழர் இருவர் முன்னே சென்று துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பர். அதனால் பனியின் மேற்பரப்பு சிறிது வெம்மையுற்று உராய்வு குறையும். கல் இன்னும் நெடுந்தொலைவு ஓடும். அதன் வளைவும் குறையும். ஆகவே, கை சிறிது பிழைத்தாலும் துடைப்பம் அதனைத் திருத்தும்.

சக்கர நாற்காலியில் ஆடுவோர்க்கோ துடைப்பம் இல்லை. விசை ஓர் இம்மி குறைந்தால் கல் வழியிலேயே நின்றுவிடும். கூடினால் வீட்டைக் கடந்து ஓடிவிடும். கல்லானது 90 அடிக்கு மேற்பட்ட தொலைவைத் தானே கடத்தல் வேண்டும். விட்ட பின்னர் வேண்டுவதெல்லாம் பார்த்திருத்தல் ஒன்றே. உடற்குறை கருதி விதியைத் தளர்த்தினர் போலும் என்று மேலோட்டமாக நோக்குவோர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. திருத்தும் வாய்ப்பு நீங்கிய இடத்தில், திருத்தமாகச் செய்யும் கடமை மிகுகின்றது அன்றோ?

இவ்வாட்டத்தினர் ஓடிவந்து கல்லை விடுவதில்லை. அசையாது நிற்கும் நாற்காலியில் அமர்ந்து, கையாலோ, கல்லின் கைப்பிடியில் பொருந்தும் நீண்ட கோலாலோ தள்ளுவர். அப்போது பாதம் பனியைத் தொடலாகாது. தள்ளும் விசைக்கு எதிர்விசை உண்டாதலால், வழுக்கும் தளத்தில் நாற்காலி பின்னோக்கி நழுவக்கூடும், குறியும் தவறும். அதனைத் தடுக்கத் தோழர் ஒருவர் தம் நாற்காலியைப் பின்னே நிறுத்தி, முன்னிருப்பவரின் நாற்காலியை இறுகப் பற்றிக்கொள்வார். கல்லை விடும் கை ஒருவருடையது. அக்கைக்கு நிலைபேறு தருவது மற்றொருவருடைய கை. நால்வர் ஆடும் அணியில் ஆடவரும் மகளிரும் கலந்தே இருத்தல் வேண்டும் என்பதும் விதியாகும்.

உடற்குறையுற்றோர்க்கு விளையாட்டு மருந்தாகும் என்பதை உலகிற்கு உணர்த்தியவர் லூட்விக் குட்மான் என்னும் மருத்துவர். அவர் 1948 ஆம் ஆண்டு, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளிலேயே, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அவ்விதையிலிருந்து வளர்ந்ததே பாராலிம்பிக் என்னும் பெருவிழா. அதன் குளிர்காலப் போட்டிகள் 1976 ஆம் ஆண்டு சுவீடனில் தொடங்கின.

சக்கர நாற்காலிக் கர்லிங்கில் முதல் உலகப் போட்டி 2002 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சுர்சே நகரில் நடைபெற்றது, அந்நாடே வென்றது. 2006 ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் பாராலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. அங்கும், பின்னர் 2010, 2014 ஆம் ஆண்டுகளிலும் கனடா நாட்டினரே பொற்பதக்கம் பெற்றனர். அம்மூன்று வெற்றிகளிலும் பங்கு கொண்ட பெண்மணி சோன்யா கோடே ஆவார். 1997 ஆம் ஆண்டு குதிரையினின்று வீழ்ந்து முதுகுத்தண்டில் காயமுற்று நடக்கும் ஆற்றலை இழந்தவர் அவர். கனடாவின் கர்லிங் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் சக்கர நாற்காலி ஆட்டக்காரர் என்னும் பெருமை 2013 ஆம் ஆண்டு அவரை வந்தடைந்தது.

2018 ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் பாராலிம்பிக்கில் சீனரும் நார்வே நாட்டினரும் இறுதியில் எதிர்நின்றனர். உரிய எட்டுச் சுற்றுகளும் முடிந்தபோது இரு அணியும் சமநிலையில் இருந்தன. கூடுதற் சுற்று ஒன்று ஆடப்பட்டது. அதில் 6-க்கு 5 என்னும் கணக்கில் சீனர் வென்றனர். குளிர்காலப் பாராலிம்பிக்கில் சீன நாடு பெற்ற முதற் பதக்கமே அதுதான். ஒரே ஒரு புள்ளி ஒரு நாட்டின் வரலாற்றில் புதிய ஏட்டைத் திறந்தது. 2022 ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலும் சீனரே மீண்டும் வாகை சூடினர்.

இவ்வீரரைக் கண்டு இரங்குவோர் இவ்வாட்டத்தை அறியாதவர் ஆவர். இவர்கள் வேண்டுவது இரக்கம் அன்று. தம் ஆற்றலைக் காட்டுதற்கு உரிய களமே. களம் வாய்த்தபோது, எண்ணித் துணிதல், கை பிறழாமை, முடிவை மனங்கலங்காது ஏற்றல், பின்னிருந்து தாங்கும் தோழனை நம்புதல் ஆகிய நற்பண்புகளை இவர்கள் உலகறிய விளக்குகின்றனர். இப்பண்புகள் வாழ்க்கை என்னும் களத்தில் அனைவர்க்கும் வேண்டுவனவாம்.